ஒரே எஞ்சின், நான்கு வண்டிகள்: உறவுக்கார ஹாட் ஹேட்ச்பேக்குகளை ஒப்பிடுவது எப்படி?

சாதாரண ஹேட்ச்பேக் உடம்பு, அதற்குள் வலுவான டர்போ எஞ்சின், இறுக்கிய சஸ்பென்ஷன், பெரிய பிரேக். இதைத்தான் ஹாட் ஹேட்ச் என்கிறார்கள். குடும்பத்தோடு போகவும் அதே வண்டி, தனியாக ஒரு மலைப்பாதையில் ஓட்டி மகிழவும் அதே வண்டி என்பதுதான் இதன் கவர்ச்சி.

புதிதாக வருபவர்களுக்குக் குழப்பம் எங்கே தொடங்குகிறது என்றால், ஒரே குழுமம் ஒரே அடித்தளத்தில் பல பெயர்களில் வண்டி விடும்போது. ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ, கோல்ஃப் ஆர், சியாட் லியோன் குப்ரா, ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் நான்கும் ஒரு வீட்டுப் பிள்ளைகள். எம்க்யூபி என்ற ஒரே அடித்தளம், இஏ888 என்ற ஒரே 2.0 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் குடும்பம். "எஞ்சின் ஒன்றுதானே, விலை குறைந்ததை வாங்கினால் போச்சு" என்று பலர் சொல்வார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். இந்த வண்டிகளில் எஞ்சின் மட்டும் எல்லாவற்றையும் தீர்மானிப்பதில்லை. அந்தச் சக்தி எந்தச் சக்கரங்கள் வழியாகத் தரைக்குப் போகிறது, அதற்காக டிக்கியும் எடையும் என்ன விலை கொடுக்கின்றன என்பதுதான் தீர்மானிக்கிறது. இந்த நான்கையும் உதாரணமாக வைத்து ஒப்பிடும் முறையைச் சொல்கிறேன். வேறு வண்டிகளுக்கும் இதே வழிதான்.

படி 1: எந்த ஆண்டு வண்டி என்று முதலில் பாருங்கள்

ஏழாம் தலைமுறை ஜிடிஐயும் மூன்றாம் தலைமுறை ஆக்டேவியா ஆர்எஸும் 2013-இல் வந்தவை. கோல்ஃப் ஆர், லியோன் குப்ரா இரண்டும் 2014 வாக்கில் சாலைக்கு வந்தன. அப்போதைய சக்தி: ஜிடிஐ 220 பிஎஸ் (குதிரைத்திறன்), ஆக்டேவியா ஆர்எஸ் 220, குப்ரா 280 (265-இலும் ஒன்று உண்டு), கோல்ஃப் ஆர் 300. 2017-இல் முகம் மாற்றியபோது ஜிடிஐ 230, குப்ரா 300, ஆர் 310 என்று ஏறின. பிறகு ஐரோப்பாவில் டபிள்யூஎல்டிபி என்ற புதிய புகை, மைலேஜ் சோதனை வந்ததும் 2018-இல் ஆர் மறுபடி 300-க்கு இறங்கியது.

ஆகவே 2014 ஜிடிஐயை 2017 குப்ராவோடு வைத்துப் பார்த்தால் கணக்கு கோணலாகும். மைலேஜ் எண்களிலும் இதே கதைதான். பழைய சோதனை முறையில் வந்த எண்ணையும் டபிள்யூஎல்டிபி எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கவே கூடாது. பழைய முறை தாராளமாக மார்க் போடும். கீழே வரும் எண்கள் எல்லாம் 2013-14 வண்டிகளுக்கானவை.

படி 2: பிஎஸ் எண்ணுக்குப் பின்னால் இருக்கும் டார்க்கைப் படியுங்கள்

இதில் கொஞ்சம் நேரம் செலவழிப்போம். ஒருமுறை புரிந்துவிட்டால் எந்த வண்டியின் விவரத்தாளையும் நீங்களே படித்துவிடலாம்.

ஜிடிஐயின் அதிகபட்ச டார்க், அதாவது எஞ்சினின் முறுக்கு விசை, 350 நியூட்டன் மீட்டர். 280 பிஎஸ் குப்ராவுக்கும் அதே 350-தான். பிறகு 60 பிஎஸ் கூடுதல் எங்கிருந்து வந்தது? டார்க் எந்த ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எஞ்சின் சுற்றும் எண்ணிக்கை) வரை தாக்குப்பிடிக்கிறது என்பதில் இருந்து. ஜிடிஐயில் அந்த 350, 1500-இல் தொடங்கி 4400 ஆர்பிஎம் வரை நிற்கும். குப்ராவில் 1750-இல் தொடங்கி 5600 வரை நிற்கும்.

கால்குலேட்டரை எடுங்கள். டார்க்கை ஆர்பிஎம்மால் பெருக்கி 7024-ஆல் வகுத்தால் பிஎஸ் வரும்.

ஜிடிஐ: 350 × 4400 ÷ 7024 = 219
குப்ரா: 350 × 5600 ÷ 7024 = 279

விளம்பரத்தில் போட்ட 220-உம் 280-உம் அப்படியே வந்து நிற்கின்றன, பாருங்கள். இதிலிருந்து ஒரு விஷயம் தெரிகிறது. நகரத்துக்குள் 2000, 3000 ஆர்பிஎம்மில் ஓட்டும்போது இரண்டு எஞ்சினும் ஏறக்குறைய ஒன்றுதான். சொல்லப்போனால் ஜிடிஐ 250 ஆர்பிஎம் முன்னாலேயே முழு இழுவைக்கு வந்துவிடுகிறது. குப்ராவின் கூடுதல் காசு 4400-க்கு மேலேதான் வேலை செய்யும். நீங்கள் அங்கே அடிக்கடி போகிறவரா என்பதை உங்களை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். ஆக்டேவியாவின் எண்கள் ஜிடிஐ போலவே. கோல்ஃப் ஆருக்கு 380 நியூட்டன் மீட்டர், 1800 முதல் 5500 வரை. அதையும் நீங்களே வகுத்துப் பாருங்கள்.

படி 3: எடையால் வகுத்து, பிறகு 0-100 நேரத்தோடு மோதவிடுங்கள்

எடையைப் பார்க்கும்போது ஒரு கண்ணி உண்டு. ஐரோப்பிய முறையில் ஓட்டுநருக்கும் சிறு சுமைக்கும் சேர்த்து 75 கிலோ கணக்கில் வரும். சில விவரத்தாள்களில் அது இருக்காது. இரண்டு வண்டிக்கும் ஒரே முறையில் எடுத்த எடைதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஓட்டுநரோடு சேர்த்து, மேனுவல் கியர் வண்டிகளின் எடை தோராயமாக இப்படி: ஜிடிஐ 1350 கிலோ, குப்ரா 1395, ஆக்டேவியா 1420, கோல்ஃப் ஆர் 1475. ஒரு டன்னுக்கு எத்தனை பிஎஸ் என்று வகுத்தால் ஆக்டேவியா 155, ஜிடிஐ 163, குப்ரா 200, ஆர் 203.

அடுத்து, நின்ற இடத்திலிருந்து மணிக்கு 100 கிலோமீட்டர் வேகம் எட்ட நிறுவனங்கள் சொன்ன 0-100 நேரம்: ஆக்டேவியா 6.8 விநாடி, ஜிடிஐ 6.5, குப்ரா 5.8, ஆர் 5.1. முதல் இரண்டுக்கும் இடையில் உள்ள வித்தியாசத்தை எடை விளக்கிவிடுகிறது. கடைசி இரண்டைக் கவனியுங்கள். டன்னுக்கு 200-உம் 203-உம் கிட்டத்தட்ட சமம். ஆனால் நேரத்தில் 0.7 விநாடி இடைவெளி! டன்னுக்கான சக்தியால் விளக்க முடியாத இந்த 0.7-இல் பெரும்பகுதி பிடிமானம். நின்ற இடத்திலிருந்து அழுத்தும்போது வண்டியின் பாரம் பின்பக்கம் சாய்கிறது, முன் சக்கரங்கள் லேசாகின்றன. குப்ரா அந்த லேசான முன் சக்கரங்களை மட்டும் நம்பியிருக்கிறது. டயர் வீணாகச் சுற்றும். ஆரில் ஹால்டெக்ஸ் கிளட்ச் வழியாகப் பின் சக்கரங்களும் சேர்ந்து தள்ளுகின்றன.

ஆனால் இதை வைத்து "ஆர்தான் வேகம்" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மூன்றாம் கியருக்குப் போன பிறகு, காய்ந்த சாலையில் முன் சக்கரங்களே தாங்கிக்கொள்ளும். லாரியைத் தாண்டும்போது தேவைப்படும் 80-120 ஓட்டத்தில் நாலு சக்கர இழுவையால் பெரிய லாபமில்லை. அதன் உண்மையான பலன் ஈரச் சாலையிலும், மேடான இடத்தில் புறப்படும்போதும், பனி விழும் ஊர்களிலும்தான். மழை அதிகம் இல்லாத இடத்தில் ஓட்டுபவர் வருடம் முழுக்க 80 கிலோ கூடுதல் பாரத்தைச் சும்மா சுமக்கிறார்.

படி 4: முன் டிஃப்ரென்ஷியல் என்ன வகை?

இடது, வலது சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் பாகம்தான் டிஃப்ரென்ஷியல். விவரத்தாளில் இது ஒரு ஓரத்தில் இருக்கும், ஆனால் வளைவுகளில் வண்டியின் குணத்தையே மாற்றும். சாதாரண ஜிடிஐயிலும் ஆக்டேவியாவிலும் எக்ஸ்டிஎஸ் என்ற மென்பொருள் ஏற்பாடு: வளைவில் உள்பக்கச் சக்கரம் சுற்றினால் அதை மட்டும் பிரேக் பிடிக்கும். வேலை நடக்கும், ஆனால் சக்தியைப் பிரேக்கில் கரைத்துத்தான் நடக்கும். குப்ராவிலும் 230 பிஎஸ் பெர்ஃபார்மன்ஸ் ஜிடிஐயிலும் உண்மையான மல்டி பிளேட் கிளட்ச் ஒன்று, கணினியின் கட்டுப்பாட்டில், சக்தியை வெளிப்பக்கச் சக்கரத்துக்குத் தள்ளும். வளைவின் நடுவில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் வண்டி வெளியே விலகாமல் மூக்கை உள்ளே திருப்பும். பழைய ஜிடிஐ வாங்குவதானால் 10 பிஎஸ்ஸுக்காக அல்ல, இந்த ஒரு பாகத்துக்காகவே பெர்ஃபார்மன்ஸ் வண்டியைத் தேடுவேன்.

ரேஸ் டிராக் நேரங்களை இந்தக் கட்டத்தில் பலர் எடுத்து நீட்டுவார்கள். 2014-இல் குப்ரா 280 நியூர்பர்க்ரிங்கை 7 நிமிடம் 58.4 விநாடியில் சுற்றியது உண்மை. அந்த வண்டியில் இருந்த டயரும் பிரேக்கும் சாதாரணமாக ஷோரூமில் நிற்கும் வண்டியில் இருந்தவை அல்ல என்பதும் உண்மை.

படி 5: டிக்கியை லிட்டரிலும் அளவு நாடாவிலும் அளங்கள்

ஜிடிஐயும் லியோனும் 380 லிட்டர். கோல்ஃப் ஆர் 343. ஆக்டேவியா 590. ஆரில் காணாமல்போன 37 லிட்டர் எங்கே? பின் சக்கரங்களை இயக்கும் டிஃப்ரென்ஷியலும் கிளட்சும் டிக்கித் தளத்துக்குக் கீழே உட்கார்ந்திருக்கின்றன. தளம் மேலே ஏறிவிட்டது. படி 3-இல் பார்த்த 0.7 விநாடிக்கு இங்கே வாடகை கொடுக்கிறீர்கள்.

இந்த லிட்டர் எண்ணை எப்படி எடுக்கிறார்கள் தெரியுமா? 200 × 100 × 50 மில்லிமீட்டர் அளவுள்ள, ஒரு லிட்டர் கட்டைகளை அடுக்கி எண்ணுவார்கள். சின்னக் கட்டை என்பதால் மூலை முடுக்கு, தளத்துக்கு அடியில் உள்ள பள்ளம் எல்லாம் கணக்கில் ஏறும். உங்கள் சூட்கேஸ் அந்த மூலையில் நுழையாது. அதனால் வண்டி பார்க்கப் போகும்போது அளவு நாடா கொண்டுபோங்கள். மூன்று அளவு போதும்: இரண்டு சக்கர மேடுகளுக்கு நடுவில் அகலம், பின் சீட்டு முதுகிலிருந்து கதவு வரை நீளம், தரையிலிருந்து டிக்கி விளிம்பு வரை உயரம். மூன்றாவதை யாரும் அளப்பதில்லை. கனமான பெட்டியைத் தூக்கி ஏற்றும்போது இடுப்புதான் அதைச் சொல்லும். குழந்தை வண்டியோ வேறு பெரிய சாமானோ வழக்கமாக ஏற்றுவீர்கள் என்றால் அதையே கொண்டுபோய் வைத்துப் பாருங்கள், விற்பவர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

பின் சீட்டை மடித்தால் கோல்ஃபில் 1270 லிட்டர், ஆக்டேவியாவில் 1580. ஆனால் ஆக்டேவியாவில் மடித்த சீட்டு தளத்தோடு சமமாக வராது, நடுவில் ஒரு படி நிற்கும். நீளமான அட்டைப்பெட்டியை உள்ளே தள்ளும்போது அங்கே போய் முட்டும்.

வேகமும் வேண்டும், டிக்கியும் வேண்டும் என்பவர்கள் லியோன் குப்ரா எஸ்டி என்ற எஸ்டேட் வண்டியையும் பட்டியலில் சேர்க்கலாம். 2015-இல் வந்தது, அதே எஞ்சின், 587 லிட்டர் டிக்கி. என் கண்ணில் இந்தக் குடும்பத்திலேயே நேர்மையான வண்டி அதுதான்.

படி 6: பின் சீட்டு, நீளம், டயர்

ஓட்டுநர் சீட்டை உங்கள் உயரத்துக்குச் சரி செய்துவிட்டு, அதை நகர்த்தாமல் பின்னால் போய் உட்காருங்கள். முழங்காலுக்கும் முன் சீட்டுக்கும் நடுவில் எத்தனை விரல் நுழைகிறது என்று பாருங்கள். ஆக்டேவியாவின் சக்கர இடைவெளி கோல்ஃபைவிட சுமார் 5 சென்டிமீட்டர் கூட. அது அப்படியே பின் சீட்டுக் கால்களுக்குப் போகிறது. பதிலுக்கு வண்டியின் மொத்த நீளம் 40 சென்டிமீட்டருக்கு மேல் அதிகம். நிறுத்தும் இடம் சிறியதென்றால் இது தினசரித் தலைவலி.

டயரில் 225/40 ஆர்18 என்று எழுதியிருந்தால் பக்கச்சுவர் உயரம் 225-இல் 40 சதவீதம், அதாவது 90 மில்லிமீட்டர். 235/35 ஆர்19 என்றால் 82. எட்டு மில்லிமீட்டர் ரப்பர் குறைந்தால் குழி விழுந்த சாலையில் இடுப்பும் ரிம்மும் சேர்ந்து உணரும். பார்க்க அழகு 19-தான். வாழ 18 போதும்.

படி 7: ஓட்டிப் பார்க்கும்போது

இரண்டு வண்டியையும் ஒரே நாளில், ஒரே பாதையில் ஓட்டுங்கள். புறப்படும் முன் டயர்க் காற்றைச் சரிபாருங்கள். டயர் பக்கச்சுவரில் உள்ள நாலு இலக்கத் தேதியையும் பாருங்கள்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. ஒன்றில் புது டயர், மற்றதில் காய்ந்துபோன டயர் என்றால் நீங்கள் வண்டியை ஒப்பிடவில்லை, டயரை ஒப்பிடுகிறீர்கள்.

பின்னால் வண்டி இல்லாத நேரான சாலையில், மூன்றாம் கியரில் 40-லிருந்து 80 வரை போங்கள். பக்கத்தில் இருப்பவர் போனில் ஜிபிஎஸ் வேகத்தைப் பார்த்து நேரம் எடுக்கட்டும். ஸ்பீடோமீட்டர் எப்போதும் கொஞ்சம் கூட்டித்தான் காட்டும். சத்தத்தை நம்பாதீர்கள். இந்தக் கோல்ஃப்களில் உறுமலைக் கேபினுக்குள் கூட்டிக் கொடுக்கவே ஒரு கருவி இருக்கிறது. ஸ்போர்ட் மோடில் உறுமல் கூடும், அதற்கேற்ப வேகம் கூடாது.

படி 8: பழைய வண்டி என்றால் சர்வீஸ் புத்தகம்

ஆறு கியர் டிஎஸ்ஜி (இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக்) வண்டியில் 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை கியர்பாக்ஸ் ஆயில் மாற்றியிருக்க வேண்டும். அதற்கான பில் இல்லை என்றால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். கோல்ஃப் ஆரில் ஹால்டெக்ஸுக்குத் தனி ஆயில் உண்டு. அதன் பம்பில் உள்ள சல்லடை அடைத்துக்கொண்டால் பின் சக்கரங்களுக்குச் சக்தி போகாது, பல நேரம் எச்சரிக்கை விளக்கும் எரியாது. சர்வீஸ் செய்பவரிடம் "ஆயில் மாற்றினீர்களா?" என்று மட்டும் கேட்காமல் "பம்பைக் கழற்றிச் சல்லடையைச் சுத்தம் செய்தீர்களா?" என்றும் கேளுங்கள். அதைச் செய்யாத ஆர், 37 லிட்டர் டிக்கியைப் பறிகொடுத்த, 80 கிலோ கூடுதல் எடையுள்ள முன்சக்கர இழுவை வண்டிதான். அந்தக் காசுக்கு குப்ராவே மேல்.