பால்கனிக்கு ஓர் உறி: ஒன்பது முடிச்சில் தொங்கும் தொட்டி

என் ஆச்சி வீட்டு அடுக்களையில் விட்டத்திலிருந்து ஓர் உறி தொங்கும். புகை ஏறிக் கறுத்து, கை பட்டுப் பட்டு வழுவழுப்பாகிவிட்ட கயிறு. அடியில் பெரிய தயிர்ச் சட்டி, அதன் வாயில் சின்ன வெண்ணெய்ச் சட்டி. பூனைக்கு எட்டாது, நல்ல காற்றும் படும். ஃப்ரிட்ஜ் வந்தது, உறி போனது. இப்போது பல வீடுகளில் கிருஷ்ண ஜெயந்தி உறியடியின்போதுதான் அந்தச் சொல்லே காதில் விழுகிறது.

இன்று மேக்ரமே என்று கடைகளில் தொங்குவதும் கிட்டத்தட்ட இந்த வேலைதான். கயிற்றால் ஒரு வலை கட்டி, அதற்குள் ஒரு தொட்டியை உட்கார வைப்பது. இதை நீங்களே ஒரு மாலை நேரத்தில் கட்டிவிடலாம். பின்னல் தெரிய வேண்டியதில்லை. சாதாரண முடிச்சு ஒன்று போடத் தெரிந்தால் போதும். அதையே ஒன்பது இடத்தில் போடப் போகிறோம்.

எந்தக் கயிறு?

இதில்தான் பலரும் தவறுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். வீட்டுக்குள் மாட்டுவதானால் பருத்திக் கயிறு நன்றாக இருக்கும். கைக்கும் மெதுவாக இருக்கும். ஆனால் மழைச் சாரல் படும் பால்கனியில் அது அழுக்கேறி, பூசணம் பிடித்துவிடும். சணல் பார்க்க அழகு, ஆனால் நனைந்து நனைந்து காய்ந்தால் சீக்கிரம் இற்றுப்போகும்.

நைலான் கயிறு வேண்டவே வேண்டாம் என்பேன். வழுக்கும் கயிறு அது. நிறம் அழகாக இருக்கிறதே என்று ஒருமுறை அதில் கட்டி மாட்டினேன். மூன்றாம் நாள் நடு இரவில் சத்தம் கேட்டு ஓடிப் போய்ப் பார்த்தால், அடிமுடிச்சு உருவிக்கொண்டு தொட்டி தரையில் சிதறிக் கிடந்தது. கயிறு அறுபடவில்லை, முடிச்சுதான் நழுவிவிட்டது. நல்லவேளை, கீழே யாரும் இல்லை.

வெளியில் மாட்டத் தேங்காய் நார்க் கயிறுதான் சரி. தேங்காய் நாரில் லிக்னின் அதிகம். மரத்துக்கு உறுதி தருவதும் அதே பொருள்தான். அதனால் ஈரத்தில் எளிதில் மக்காது. கிணற்று வாளிக்கு நார்க் கயிறு கட்டியதன் காரணமும் இதுதான். சொரசொரப்பாக இருப்பதால் முடிச்சு போட்ட இடத்தில் அப்படியே கவ்விப் பிடிக்கும். சிங்கம்புணரி, பொள்ளாச்சிப் பக்கம் இருப்பவர்கள் கயிறு தேடி அலையவே வேண்டாம். மற்ற ஊர்களில் இரும்புக் கடையிலோ பந்தல் சாமான் கடையிலோ கேளுங்கள். சுமார் 4 மி.மீ. தடிமனில் இரண்டு புரி முறுக்கிய கயிறு போதும். வாங்கும்போது கையால் உருவிப் பாருங்கள். இடையில் மெலிந்த இடமோ ஒட்டுப் போட்ட இடமோ இருந்தால் அந்தப் பகுதியைத் தவிர்த்துவிடுங்கள்.

மற்ற சாமான்கள்

5 செ.மீ. அகலமுள்ள இரும்பு வளையம் ஒன்று, பற்றவைத்து மூடியதாக இருக்கட்டும். சாவிக்கொத்து வளையம் பாரத்தில் விரியும், வேண்டாம். 6 அங்குல வாயுள்ள மண் தொட்டி ஒன்று. விரல் மடக்கித் தட்டினால் கணீர் என்று கேட்க வேண்டும். மந்தமாகக் கேட்டால் எங்கோ விரிசல் இருக்கலாம், அல்லது சரியாக வேகவில்லை. அப்புறம் கத்தரிக்கோல், அளவு நாடா, ஒரு சாக்பீஸ்.

கயிற்றை 3 மீட்டர் நீளத்தில் நான்கு துண்டு வெட்டுங்கள். மேல் கட்டுக்கு ஒன்றரை மீட்டரில் இன்னொரு துண்டு. மொத்தம் பதினான்கு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. நீளம் மிஞ்சினால் வெட்டிக்கொள்ளலாம், குறைந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

வெட்டிய கயிற்றைத் தண்ணீரில் பத்து நிமிடம் போட்டு எடுத்து, உதறி, நிழலில் கொஞ்ச நேரம் வையுங்கள். லேசான ஈரம் இருக்கும்போது நார் பணிந்து கொடுக்கும், கையைக் கிழிக்காது.

கட்டத் தொடங்குவோம்

1. நான்கு துண்டுகளையும் சேர்த்துப் பிடித்துச் சரிபாதியாக மடியுங்கள். மடிப்பை வளையத்துக்குள் விட்டு, எட்டு முனைகளையும் அந்த மடிப்புக்குள் நுழைத்துக் கீழே இழுங்கள். வளையத்தை இறுகப் பிடித்துக்கொள்ளும். வளையத்தை ஜன்னல் கம்பியில் மாட்டிக்கொண்டால் இரண்டு கையும் வேலைக்குக் கிடைக்கும்.

2. ஒன்றரை மீட்டர் துண்டை எடுத்து, அதன் ஒரு முனையைக் கீழ்நோக்கி ஒரு சாண் நீளத்துக்கு வளைத்துக் கயிற்றுக் கட்டின்மேல் படுக்க வையுங்கள். வளைவு கீழே இருக்க வேண்டும், முனை மேலே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். இப்போது நீளமான பக்கத்தால் மேலிருந்து கீழாக, ஒன்றையொன்று ஒட்டியபடி, எட்டுச் சுற்றுச் சுற்றுங்கள். மிச்சமிருக்கும் முனையைக் கீழே தெரியும் வளைவுக்குள் விட்டு, மேலே நீட்டிக்கொண்டிருக்கும் முனையைப் பிடித்து இழுங்கள். வளைவு சுற்றுக்குள்ளே போய் மறையும். பாதி தூரம் போனதும் நிறுத்திவிடுங்கள். விளிம்போடு இரு முனையையும் வெட்டினால், எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்றே தெரியாது. முதல் முறை வளைவு முழுவதும் வெளியே வந்துவிடலாம். பரவாயில்லை, மறுபடி சுற்றுங்கள். இந்தக் கட்டு அழகுக்குத்தான், பாரம் தாங்குவது வளையத்தில் விழுந்த மடிப்பு.

3. எட்டு இழைகளையும் நேராகக் கீழே உருவி விட்டு, வளையத்திலிருந்து 60 செ.மீ. தள்ளி எல்லா இழையிலும் சாக்பீஸால் கோடு போடுங்கள். பிறகு இரண்டிரண்டாகப் பிரித்து, ஒவ்வொரு ஜோடியையும் அந்தக் கோட்டில் சேர்த்து முடிச்சுப் போடுங்கள். உடனே இறுக்கிவிடாதீர்கள். நான்கையும் தளர்வாகப் போட்டு, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, ஒரே மட்டத்துக்கு நகர்த்திய பிறகு இறுக்குங்கள்.

இந்த மட்டம்தான் உறியின் உயிர். ஒரு முடிச்சு ஒரு விரல் அகலம் கீழே இறங்கினாலும் தொட்டி அந்தப் பக்கம் சாயும். ஊற்றும் தண்ணீரெல்லாம் அங்கேயே ஓடும், மறுபக்க மண் காய்ந்து கிடக்கும். கண்ணுக்குச் சாய்வு தெரியாவிட்டாலும் செடி வாடி அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

4. இப்போது முதல் முடிச்சிலிருந்து ஓர் இழை, இரண்டாம் முடிச்சிலிருந்து ஓர் இழை. இரண்டையும் 10 செ.மீ. கீழே சேர்த்து முடியுங்கள். அதேபோல் இரண்டையும் மூன்றையும், மூன்றையும் நான்கையும். கடைசியாக நான்காவதையும் முதலாவதையும். இந்தக் கடைசி முடிச்சில்தான் தட்டை வலை வட்டமாகிறது. புதியவர்கள் இங்கேதான் இழைகளைக் குறுக்கே போட்டு முடிந்துவிடுவார்கள். அதற்கு ஒரு வழி: வளையல் போடுவது போல இடது கையை வலைக்குள் விட்டுக்கொண்டு, கையைச் சுற்றி வரும்படி முடியுங்கள். கையை உருவும்போது எதிலும் சிக்காவிட்டால் சரியாக வந்திருக்கிறது.

5. இன்னும் 10 செ.மீ. கீழே எட்டு இழைகளையும் ஒன்றாகப் பிடித்து ஒரே பெரிய முடிச்சு. ஒவ்வோர் இழையாக இழுத்து இறுக்குங்கள். மொத்தமாக இழுத்தால் நடுவில் இருப்பது தளர்ந்தே இருக்கும். கீழே ஒரு சாண் குஞ்சம் விட்டு மீதியை வெட்டிவிடலாம்.

வலையை விரித்துக் காலித் தொட்டியை உள்ளே வைத்துப் பாருங்கள். அடிமுடிச்சு தொட்டியின் அடியில் நட்ட நடுவில் வர வேண்டும். முதல் வரிசை முடிச்சுகள் தொட்டியின் வாய்க்குச் சற்றுக் கீழே, சம இடைவெளியில் நிற்க வேண்டும்.

தொட்டிக்குக் காவி

காவி பூசிய திண்ணை நினைவிருக்கிறதா? அதே காவிதான் இதற்கும் பொருத்தம். காவிப் பொடியைத் தண்ணீரில் தோசை மாவுப் பதத்தில் குழைத்து, நனைத்துத் துடைத்த தொட்டியில் துணியால் பூசுங்கள். காய்ந்ததும் சுண்ணாம்பில் தீக்குச்சி முனையைத் தொட்டுப் புள்ளிகளோ பட்டைகளோ வைக்கலாம். சுண்ணாம்பு கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மண் தொட்டியில் ஈரம் கசிவதால் காவி மங்கத்தான் செய்யும். பொங்கலுக்குப் பொங்கல் புதிதாகப் பூசிக்கொள்வேன், அதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

கயிற்றுக்கு மஞ்சள் தோய்க்கலாமா என்று ஒரு தோழி கேட்டாள். மஞ்சள் சாயம் வெயிலில் நிற்காது, சில நாளில் வெளுத்துவிடும். நாரின் பழுப்பே காவிக்கு எடுப்பாக இருக்கிறது.

மண்ணும் செடியும்

செம்மண், மட்கிய உரம், தேங்காய் நார்க்கழிவு மூன்றையும் சம அளவில் கலந்தால் பாரம் குறையும். நார்க்கழிவில் உப்பு இருக்கும். இரண்டு முறை தண்ணீரில் அலசிப் பிழிந்துவிட்டுச் சேருங்கள். நிழலான பால்கனி என்றால் மணி பிளான்ட். நல்ல வெயில் விழுந்தால் டேபிள் ரோஸ். இரண்டுக்கும் நடுத்தரமான இடத்தில் கற்பூரவல்லி. கிளைகள் விளிம்பைத் தாண்டிச் சரிந்து இறங்கும், இருமல் வந்தால் கை நீட்டி இலை பறித்துக்கொள்ளலாம்.

தொட்டியின் அடியில் துளை அவசியம். சொட்டும் தண்ணீர் கீழ் வீட்டுக்காரர் காயப்போட்ட துணியில் விழாமல் இருக்க, வலைக்குள்ளேயே ஒரு தட்டை வைத்து அதன்மேல் தொட்டியை வையுங்கள்.

மாட்டும் முன்

ஈரமண்ணோடு தொட்டி மூன்று கிலோ வரை வரும். முதல் நாள் செடியை வைக்காதீர்கள். அதே எடைக்குத் தொட்டியில் ஈர மணல் நிரப்பி, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் ஓர் இரவு தொங்கவிடுங்கள். முடிச்சுகள் இறுகி உறி கொஞ்சம் கீழே இறங்கும். காலையில் மட்டம் பார்த்து, சாய்ந்திருந்தால் அந்த ஒரு முடிச்சை மட்டும் அவிழ்த்துச் சரிசெய்யலாம்.

பழைய வீடுகளில் தொட்டில் கட்டிய கொக்கி கூரையில் இருக்கும்; அதைவிட நல்ல இடம் கிடையாது. வாடகை வீட்டில் பால்கனி கிரில் கம்பியில் எஸ் கொக்கி போட்டு மாட்டுங்கள். கம்பிக்கு உள்பக்கம் மாட்டுங்கள், தெருப்பக்கம் கூடாது. நடந்து போகிறவர் தலைக்கு நேராகவும் வேண்டாம்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை அடிமுடிச்சை நகத்தால் கீறிப் பாருங்கள். எப்போதும் ஈரத்தில் இருப்பது அதுதான். நார் பொடியாக உதிர்ந்தால் புது உறி கட்டும் நேரம் வந்துவிட்டது. அணில் வந்து குஞ்சத்தின் நாரைப் பிய்த்துக்கொண்டு போகும், கூட்டுக்கு. போகட்டும், குஞ்சம் பாரம் தாங்குவதில்லை. ஆனால் முடிச்சில் வாய் வைக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

போன வருடம் என் கற்பூரவல்லிக்குள் கொண்டைக்குருவி ஒன்று கூடு கட்டிவிட்டது. அப்படி நேர்ந்தால் உறியை இடம் மாற்றாதீர்கள். தாய்க் குருவி இரைக்குப் போயிருக்கும் நேரத்தில், தொட்டியின் எதிர் விளிம்போரமாக ஒரு டம்ளர் தண்ணீர் மட்டும் மெதுவாக விடுங்கள். குஞ்சுகள் பறந்து போகும்வரை அது போதும்.