த்ராம்பினைக் காட்டும் ஒளிரும் டிஎன்ஏ: எதிர் இழையின் நீளத்தில்தான் சூட்சுமம்

இரத்தம் உறைவதில் முக்கியப் பங்கு வகிக்கும் த்ராம்பின் புரதத்தைக் கண்டறிய 15 எழுத்து அப்டமர் (குறிப்பிட்ட மூலக்கூறைப் பற்றிக்கொள்ளும் சிறு டிஎன்ஏ இழை) போதும். ஜி, டி என்பவை டிஎன்ஏவின் எழுத்துகள்: ஜிஜிடிடிஜிஜி-டிஜிடி-ஜிஜிடிடிஜிஜி. 1992-இல் வெளியான இது, ஜி-க்கள் நான்கு நான்காக இரண்டு அடுக்கில் மடிந்து புரதத்தைப் பற்றிக்கொள்ளும்.

இதன் 5' முனையில் (இழையின் தொடக்கத்தில்) ஏழெழுத்து வால் ஒன்றைச் சேர்த்து, நுனியில் ஃபேம் என்ற ஒளிரும் சாயத்தை ஒட்டி வாங்குங்கள். நுனி எழுத்து டி-யாக இருக்கட்டும். பக்கத்தில் ஜி இருந்தால் அதுவே ஒளியை மட்டுப்படுத்தும். இதோடு ஜோடி சேரும் எதிர் இழை 12 எழுத்து: வாலோடு ஏழு, அப்டமரோடு ஐந்து ஜோடி. அதன் 3' முனையில் (கடைசியில்) டாப்சில் குவென்ச்சர், அதாவது பக்கத்திலுள்ள சாயத்தின் ஒளியை அணைக்கும் மூலக்கூறு. த்ராம்பின் வந்தால் அப்டமர் மடியும், எதிர் இழை கழன்றுவிடும், ஒளி ஏறும்.

பஃபர் (பிஎச்-ஐ நிலையாக வைக்கும் கரைசல்): டிரிஸ் 20 மில்லிமோலார் (பிஎச் 8), சோடியம் குளோரைடு 140, பொட்டாசியம் குளோரைடு 5, மெக்னீசியம் குளோரைடு 1. பிஎச் 7-க்குக் கீழே போனால் ஃபேம் மங்கும். அப்டமர் 50 நானோமோலார், எதிர் இழை 150 கலந்து, 90 டிகிரியில் 5 நிமிடம் சூடாக்கி, அரை மணி நேரம் தானாக ஆறவிடுங்கள். ஆறிய பிறகே மில்லிலிட்டருக்கு 0.1 மில்லிகிராம் பிஎஸ்ஏ (மாட்டு அல்புமின் புரதம்) சேர்க்க வேண்டும். பிஎஸ்ஏ இல்லாவிட்டால் த்ராம்பின் பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளும், குறைந்த செறிவுகள் எல்லாம் பொய்யாக வரும்.

கறுப்புப் பிளேட்டில் குழிக்கு 100 மைக்ரோலிட்டர். த்ராம்பின் 0, 10, 25, 50, 100, 250, 500 நானோமோலார், மூன்று மூன்று குழிகள். 25 டிகிரியில் 30 நிமிடம் கழித்து 490-இல் தூண்டி 520 நானோமீட்டரில் அளவிடுங்கள். ஸ்டாக்கில் கிளிசரால் இருந்தால் பூஜ்ஜியக் குழியிலும் அதே அளவு போக வேண்டும். இதை மறந்துவிட்டுப் பிழையைத் தேடுபவர்கள் நிறைய.

வெறும் குழியே பளிச்சென்று தெரிந்தால் எதிர் இழை போதவில்லை, அல்லது பொட்டாசியம் அதிகம்: த்ராம்பின் இல்லாமலே அப்டமர் மடிந்துவிடுகிறது. எவ்வளவு ஊற்றினாலும் ஒளி ஏறவில்லையா? எதிர் இழையில் அப்டமர் பக்கத்து எழுத்து ஒன்றைக் குறையுங்கள். 11, 12, 13 எழுத்து இழைகளை ஒரே ஆர்டரில் வாங்கிவிடுவதே மிச்சம்.

எழுத்துகளைக் கலைத்துப் போட்ட அப்டமரையும் அதற்கேற்ற எதிர் இழையையும் கூடவே ஓட்டுங்கள். அதிலும் ஒளி ஏறினால் அது த்ராம்பினின் வேலை இல்லை. பெரும்பாலும் மாதிரியில் டிஎன்ஏஸ் (டிஎன்ஏவை வெட்டும் நொதி) புகுந்து இழையை அறுத்திருக்கும். பிளாஸ்மாவை நேரடியாக ஊற்றாதீர்கள்: அதிலுள்ள ஃபைப்ரினோஜன் என்ற புரதத்தை த்ராம்பின் உறைய வைக்கும், குழி கலங்கிவிடும்.