கியூஆர் பிடிபடவில்லையா? கொஞ்சம் பின்னால் தள்ளுங்கள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் ஒட்டுக்கடையில் தினமும் நடக்கும் கூத்து இது. தோட்டத்து வேலை முடிந்து தே தாரிக் குடிக்க வருபவர்கள், பணம் கட்டும் டூயிட்நவ் கியூஆர் அட்டையில் இடிக்கிற அளவுக்குக் கைப்பேசியைக் கொண்டுபோய்விட்டு, "லைன் இல்லை அண்ணே" என்பார்கள். பாவம் இணைய லைன்! பணம் அனுப்பத்தான் அது வேண்டும். குறியீட்டைப் படிக்கக் கேமரா போதும்.

கேமரா முதலில் தேடுவது மூன்று மூலைச் சதுரங்களை. அவற்றின் நடுவே எந்தப் பக்கமாகக் கோடு போட்டாலும் கறுப்பு, வெள்ளை, கறுப்பு, வெள்ளை, கறுப்பு என்று 1:1:3:1:1 விகிதத்தில் வரும். அதனால் அட்டை தலைகீழாக இருந்தாலும் கவலையில்லை. ஆனால் ஒரு சதுரம் விரலுக்குள் மறைந்தாலே திணறிவிடும். ஒரு சாண் தள்ளிப் பிடித்து, மூன்றும் திரையில் தெரிகிறதா என்று பாருங்கள். கையை ஆட்டாதீர்கள்.

லென்ஸில் எண்ணெய்க் கை பட்டிருந்தால் சட்டையில் துடையுங்கள். பளபளக்கும் லேமினேட் அட்டை என்றால் லேசாகச் சாய்த்துப் பிடியுங்கள்.

அப்புறம், கடைக்காரர்களுக்கு: குறியீட்டைச் சுற்றி, அதிலுள்ள சின்னக் கட்டங்களில் 4 கட்ட அகலமாவது வெள்ளை ஓரம் விடுங்கள். அழகுக்காக வெட்டிவிட வேண்டாம். உயர்ந்த பிழைதிருத்த நிலையில் (அழிந்த பகுதியை மீட்டெடுக்கும் வசதி) அச்சிட்டால் சுமார் 30% அழிந்தாலும் படிக்கும். மூலைச் சதுரத்துக்கு மட்டும் அந்தச் சலுகை கிடையாது. என் மகள் பூ ஸ்டிக்கரை ஒட்டியது சரியாக அங்கேதான்.