ஒட்டுத்துணிப் போர்வை: முதலில் ஒன்பது துண்டு

திருநெல்வேலிச் சந்தைப் பக்கம் ஒரு தையற்கடையில் எனக்குப் பை நிறைய வெட்டுத்துண்டு கிடைத்தது. பருத்தியை மட்டும் பொறுக்கி, சாயம் போகிறதா என்று ஊறவைத்துப் பாருங்கள். என் முதல் போர்வையில் சிவப்பு ஓடி, வெள்ளையெல்லாம் ரோசாவானது.

2½ அங்குலச் சதுரம் 9 வெட்டுங்கள். ¼ அங்குலம் விட்டு மும்மூன்றாகத் தையுங்கள். நடு வரிசையின் தையல் ஓரத்தை மட்டும் எதிர்ப்பக்கம் மடித்து மினுக்கினால், வரிசைகளை இணைக்கும்போது மூலைகள் பூட்டிக்கொள்ளும். ஒன்பதும் சேர்ந்த கட்டம் 6½ அங்குலம் வரவேண்டும். வராவிட்டால் பிரியுங்கள், வேறு வழியில்லை.

மேல்துணிக்கும் அடித்துணிக்கும் நடுவில் பஞ்சு எதற்கு, எங்கள் வெக்கைக்கு? அம்மம்மாவின் பழைய நூல்சீலை போதும்.

டிசைனுக்குப் பின்டரெஸ்டில் ‘ஜீஸ் பெண்ட் குவில்ட்’ என்று தேடுங்கள். அலபாமாப் பெண்கள் பழைய வேலையுடுப்பிலும் தைத்தவை, கோணல்தான் அழகு. சரி, நிறம் பொருந்துமா? துண்டுகளைப் பரப்பி, ஃபோனில் கறுப்பு வெள்ளைப் படம் எடுத்தால் அடர்த்தியும் வெளிறலும் தெரிந்துவிடும்.