மால்ட் எக்ஸ்ட்ராக்டில் டபுள் ஐபிஏ: முடிவு அடர்த்தியிலிருந்து தொடங்கும் கணக்கு

டபுள் ஐபிஏ என்னும் கசப்பும் ஆல்கஹாலும் மிகுந்த பியரைக் காய்ச்ச முடிவெடுத்ததும் பெரும்பாலோர், கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூக்களைப் பற்றித்தான் முதலில் யோசிக்கிறார்கள். மால்ட் எக்ஸ்ட்ராக்டைக் (முளைகட்டிய தானியச் சாற்றை வற்றவைத்த பாகு அல்லது பொடி) கொண்டு காய்ச்சுபவர் இந்த வரிசையை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. தானியத்திலிருந்து தொடங்குபவர் அதை வெந்நீரில் ஊறவைக்கும் மாஷ் கட்டத்தின் வெப்பநிலையைச் சற்றுக் குறைத்து, எளிதில் நொதிக்கும் சர்க்கரைகளின் பங்கைக் கூட்டிக்கொள்ள முடியும். எக்ஸ்ட்ராக்டிலோ அந்த முடிவை ஆலையில் முன்பே எடுத்துவிட்டார்கள். ஆகவே பியர் எந்த அடர்த்தியில் நொதித்து முடிய வேண்டும் என்பதை முதலில் தீர்மானித்து, அங்கிருந்து பின்னோக்கிக் கணக்கிடுவதே பாதுகாப்பான வழி. ஹாப்ஸ் எவ்வளவு தாராளமாக இருந்தாலும், அடியில் தேங்கிய இனிப்பு அதை மழுங்கடித்துவிடும்.

பியர் வகைகளை வரையறுக்கும் பிஜேசிபி அமைப்பின் 2021 வழிகாட்டி இந்த வகைக்குத் தொடக்க அடர்த்தி (நீரின் அடர்த்தியை 1.000 எனக் கொண்டு) 1.065 முதல் 1.085 வரை, முடிவு அடர்த்தி 1.008 முதல் 1.018 வரை, கசப்பு அதன் அளவீடான ஐபியூவில் 60 முதல் 100 வரை, ஆல்கஹால் 7.5 முதல் 10 சதவீதம் வரை என வரையறுக்கிறது. நான் 20 லிட்டருக்கு 1.075 தொடக்கத்தையும் 1.014 முடிவையும் இலக்காகக் கொள்கிறேன். இதில் ஆல்கஹால் ஏறத்தாழ 8 சதவீதம் வரும்.

20 லிட்டரில் 1 கிலோ உலர் எக்ஸ்ட்ராக்ட் அடர்த்தியை ஏறத்தாழ 18.3 புள்ளிகள் உயர்த்தும் (ஒரு புள்ளி என்பது 0.001). 1 கிலோ வெள்ளைச் சர்க்கரை 19 புள்ளிகளுக்குச் சற்று மேல் உயர்த்தும். 75 புள்ளிகளையும் எக்ஸ்ட்ராக்டிலிருந்தே பெற வேண்டுமானால் 4.1 கிலோ தேவைப்படும். எக்ஸ்ட்ராக்ட் பொதுவாக 75 சதவீத அளவுக்கே நொதிக்கும் என்று கொண்டால், அந்தப் பியர் 1.019-இல் நின்றுவிடும், அதாவது கனமாகவும் இனிப்பாகவும் இருக்கும். மாறாக, 3.5 கிலோ வெளிர் உலர் எக்ஸ்ட்ராக்டும் 550 கிராம் சர்க்கரையும் சேர்த்தால் தொடக்க அடர்த்தி அதேதான், ஆனால் சர்க்கரை முழுவதும் நொதித்துவிடுவதால் முடிவு 1.014-க்கு இறங்குகிறது. சர்க்கரை சேர்ப்பதைக் கலப்படம் போலக் கருதித் தயங்குபவர்கள் உண்டு. இந்த வகையின் முன்னோடியான வின்னி சிலுர்சோ, ரஷ்யன் ரிவர் ஆலையில் உருவாக்கிய பிளினி தி எல்டர் பியரிலேயே சர்க்கரைக்கு இடமளித்திருக்கிறார் என்பதை அவர்களுக்கு நினைவூட்ட விரும்புகிறேன்.

கேரமல் மால்ட்டை ஊறவைத்துச் சேர்க்கும் பழக்கத்தை இங்கே கைவிடுவது நல்லது. என் முதல் முயற்சியில் அரை கிலோ கேரமல் மால்ட்டும் ஆம்பர் எக்ஸ்ட்ராக்டும் சேர்த்தேன். கிடைத்தது செந்நிறமான, பாகு போன்ற ஒரு பானம், அதில் ஹாப்ஸின் மணத்தைத் தேட வேண்டியிருந்தது. திரவ எக்ஸ்ட்ராக்டுதான் கிடைக்கிறது என்றால் 4.2 கிலோ போதும், ஆனால் அது சேமிப்பில் கருத்துப்போகும் என்பதால் புதியதாகப் பார்த்து வாங்க வேண்டும்.

காய்ச்சும்போது எக்ஸ்ட்ராக்டில் 2 கிலோவை மட்டும் தொடக்கத்தில் கரைத்து, மீதியையும் சர்க்கரையையும் கடைசிப் பத்து நிமிடத்தில், பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கி, அடிப்பிடிக்காமல் கிளறிச் சேர்த்துவிட்டு மீண்டும் கொதிக்கவிட வேண்டும். இதனால் நிறம் வெளிர்வாக இருக்கும். ஹாப்ஸின் கசப்பும் கூடுதலாகச் சேரும். கசப்பைக் கணக்கிடும் டின்செத் சூத்திரத்தின்படி, 60 நிமிடக் கொதிப்பில் ஹாப்ஸின் கசப்புக்குக் காரணமான ஆல்ஃபா அமிலத்தின் பயன்பாடு, எல்லாவற்றையும் தொடக்கத்திலேயே சேர்த்த 1.068 அடர்த்தியில் சுமார் 20 சதவீதம், 2 கிலோ மட்டும் கரைத்த 1.033-இல் சுமார் 27 சதவீதம். முழு அளவையும் கொதிக்க வைக்கும் பெரிய பாத்திரம் இந்தப் பியருக்கு அவசியம். கொதிக்கும் வோர்ட்டில் (நொதிக்காத இனிப்புக் கரைசலில்) நடைமுறையில் 100 ஐபியூ அளவுக்கு மேல் கசப்பு ஏறுவது கடினம். 10 லிட்டரைக் கொதிக்கவிட்டு 10 லிட்டர் நீரைச் சேர்த்தால் அந்த உச்சவரம்பு 50-ஆகச் சுருங்கிவிடும், எத்தனை ஹாப்ஸ் போட்டாலும்.

நீரைப் பொறுத்தவரை, எக்ஸ்ட்ராக்டில் மாஷ் நீரின் தாதுக்கள் ஏற்கெனவே இருப்பதால் மென்னீரே ஏற்றது. 4 கிராம் ஜிப்சம் (கால்சியம் சல்ஃபேட்) சேர்த்தால் கசப்பு துலக்கமாகும்.

கசப்புக்கு 14 சதவீத ஆல்ஃபா அமிலமுள்ள கொலம்பஸ் 30 கிராமை 60 நிமிடம் கொதிக்கவிட்டால், மேற்கண்ட கணக்கில் ஏறத்தாழ 57 ஐபியூ கிடைக்கும். இடைப்பட்ட நிமிடங்களில் சிறிது சிறிதாகச் சேர்ப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை, ஏனெனில் அங்கே மண எண்ணெய்கள் ஆவியாகிவிடுகின்றன, கசப்பும் முழுமையாக இறங்குவதில்லை. அதற்குப் பதிலாக அடுப்பை அணைத்து, வோர்ட்டை 80 டிகிரி செல்சியஸுக்குக் குளிர்வித்து, சிம்கோ 50 கிராமும் சென்டெனியல் 50 கிராமும் சேர்த்து 25 நிமிடம் வைத்திருப்பது சிறந்தது. மணம் தங்குவதோடு, இன்னும் கொஞ்சம் கசப்பும் சேரும். சிம்கோவின் பைன் பிசின் மணமும் சென்டெனியலின் எலுமிச்சைச் சாயலும் ஒன்றையொன்று தாங்கி நிற்பவை. வெப்பமண்டலப் பழ மணத்தை விரும்புபவர் சென்டெனியலுக்குப் பதில் சிட்ராவைப் பயன்படுத்தலாம்.

ஈஸ்ட்டில் சிக்கனம் கூடாது. இந்த அடர்த்தியில் 20 லிட்டருக்குச் சுமார் 27,000 கோடி செல்கள் தேவை. ஆகவே யுஎஸ்-05 போன்ற தெளிவான அமெரிக்க ஏல் ஈஸ்ட்டின் 11.5 கிராம் பொட்டலங்கள் இரண்டைப் பயன்படுத்த வேண்டும். 18 டிகிரியில் தொடங்கி, நொதித்தல் தணியும்போது 21 டிகிரிக்கு உயர்த்தினால், பாதியில் தேங்கிப்போகும் அபாயம் குறையும்.

முதல் நொதித்தல் ஏறத்தாழ முடிந்ததும் 130 கிராம் ஹாப்ஸைக் கொதிக்க வைக்காமல் நேரடியாகப் பியரில் போட்டு மூன்று அல்லது நான்கு நாட்கள் ஊறவிட வேண்டும். சிம்கோவையும் கொலம்பஸையும் சரிபாதியாகக் கலப்பது என் தேர்வு. அதன் பிறகு உடனே பாட்டிலில் அடைப்பது ஆபத்து. ஹாப்ஸிலுள்ள நொதிகள் மீந்திருக்கும் டெக்ஸ்ட்ரின்களை (ஈஸ்ட்டால் நொதிக்க முடியாத சர்க்கரைகளை) உடைப்பதால் நொதித்தல் மீண்டும் தொடங்கக்கூடும். அந்த அழுத்தத்தில் பாட்டில் வெடிக்கவும் வாய்ப்புண்டு. மூன்று நாள் இடைவெளியில் எடுத்த இரு அளவீடுகள் ஒத்திருந்தால் மட்டுமே, லிட்டருக்கு 6 கிராம் சர்க்கரை என்ற கணக்கில் சேர்த்து, காற்று கலக்கும்படி சலசலக்காமல் அடைக்க வேண்டும். ஹாப்ஸ் கணிசமான அளவு வோர்ட்டை உறிஞ்சிக்கொள்ளும் என்பதால் 20 லிட்டருக்கும் முழுதாகப் பாட்டில் கணக்கு வைக்க வேண்டாம்.

கடைசி அளவீட்டைக் குறித்து வையுங்கள், அடுத்த முறைக்கான திருத்தம் அதில்தான் இருக்கிறது. 1.014-க்குப் பதில் 1.016-இல் நின்றிருந்தால், உங்கள் எக்ஸ்ட்ராக்ட் குறைவாக நொதிக்கும் வகை. 250 கிராம் எக்ஸ்ட்ராக்டைக் கழித்து அதே அளவு சர்க்கரையைக் கூட்டினால் முடிவு அடர்த்தி ஏறத்தாழ 2 புள்ளிகள் இறங்கும்.