பாலியில் ரிப்ஸ் சாப்பிடப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

பாலிக்கு முதல்முறை போனபோது கடலைப் பார்த்து உட்கார்ந்துதான் ரிப்ஸ் (எலும்போடு சுட்ட விலா இறைச்சி) சாப்பிட்டேன். செமின்யாக் கடற்கரை, சூரியன் இறங்கும் நேரம், மணலில் மேசை. தட்டு வந்தது. மேலே சாஸ் பளபளத்தது; எலும்பை ஒட்டிய சதை ஜில்லென்று இருந்தது. எப்போதோ வேகவைத்து ஃபிரிட்ஜில் வைத்ததை எடுத்து, சாஸ் தடவி, மேலாகச் சூடு காட்டியிருக்கிறார்கள். அன்று நான் மேசையைப் பார்த்துக் கடையைத் தேர்ந்தெடுத்தேன். பார்த்திருக்க வேண்டியது அடுப்பை.

பாலியின் உள்பகுதி ஊரான உபுதில் அடுப்பு தெருவிலேயே இருக்கும். சாங்கிங்கான் சாலையில், நேகா ஓவிய அருங்காட்சியகத்துக்கு எதிரே 1995-இல் தொடங்கிய நாட்டி நூரீஸ் என்ற உணவகம் இதற்குப் பேர்போனது. வாசலிலேயே கரி அடுப்பு. புகை சாலையைத் தாண்டிப் போகும். பெயர் தெரியாத சின்ன வாருங்குகளிலும் (சாப்பாட்டுக்கடையை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்) இதே காட்சிதான். ஒருவர் தணல் மேல் விசிறிக்கொண்டே இருப்பார். விலாத் துண்டைப் புரட்டுவார், தூரிகையால் சாஸ் பூசுவார், மறுபடி புரட்டுவார். சொட்டு விழுந்து தீ எழும்பினால் துண்டை ஓரமாக நகர்த்துவார். பல கடைகளில் எரிவது கொட்டாங்கச்சிக் கரி. இப்படி ஓர் அடுப்பைக் கண்ணால் பார்த்த பிறகு உட்காருங்கள்.

அடுத்த தவறு, அமெரிக்க ரிப்ஸை மனத்தில் வைத்துக்கொண்டு போவது. டெக்சஸிலோ மெம்ஃபிஸிலோ விறகுப் புகையில் மணிக்கணக்காக வைத்து எடுப்பார்கள். பாலியில் முறையே வேறு. பெரும்பாலும் முதலில் மசாலாவோடு மெதுவாக வேகவைப்பார்கள். அப்புறம்தான் தணலுக்கு வரும். ஆகவே "வேகவைத்த ரிப்ஸா?" என்று முகம் சுளிக்க வேண்டாம். விலாச் சதையைச் சுற்றி இருக்கிற இணைப்புத்திசு நீண்ட நேரம் சூட்டில் இருந்தால்தான் இளகி ஜெலட்டினாக மாறும். அது வேகும் பாத்திரத்திலும் நடக்கும், புகையிலும் நடக்கும். வெந்ததை உடனே தணலில் போட்டார்களா, ஃபிரிட்ஜில் தூங்க வைத்தார்களா என்பதில்தான் ருசி இருக்கிறது.

எலும்பிலிருந்து தானாகவே கழன்று விழுந்தால்தான் நல்ல ரிப்ஸ் என்று பலர் நம்புகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தொட்டாலே உதிர்கிறது என்றால் தேவைக்கு மேல் வெந்துவிட்டது. கடித்தால் அந்த இடம் மட்டும் சுத்தமாக வர வேண்டும், பல் பட்ட தடம் தெரிய வேண்டும். எலும்பின் நுனியிலிருந்து சதை கொஞ்சம் பின்வாங்கி இருந்தால் பதமாக வெந்திருக்கிறது என்று பொருள். பின்பக்கம் தோல்மாதிரி ஒரு சவ்வு பல்லில் இழுபட்டால், அதை உரிக்காமலே சமைத்திருக்கிறார்கள்.

கறுப்பாகக் கருகியதைப் "புகைமணம்" என்று ஏற்றுக்கொள்வதும் தவறுதான். பூசும் சாஸில் கெச்சாப் மானிஸ் இருக்கும். பனைவெல்லம் சேர்த்த, பாகுபோல் கெட்டியான சோயா சாஸ். இனிப்பு சீக்கிரம் கருகும். தெரிந்தவர்கள் கடைசி நேரத்தில்தான் பூசுவார்கள், மெல்லிய பூச்சாகப் பல தடவை. கசப்பு அடித்தால் அவசரப்பட்டிருக்கிறார்கள். கூடவே சம்பால் மாதா கேட்டு வாங்குங்கள்: சின்ன வெங்காயம், எலுமிச்சைப்புல், மிளகாய் எல்லாம் பச்சையாக நறுக்கி, சூடான தேங்காய் எண்ணெய் சேர்த்துப் பிசைந்தது. அந்த இனிப்புச் சாஸுக்கு இதைவிடப் பொருத்தமான துணை எனக்குத் தெரியாது.

கேட்கும்போது வெறுமனே "ஈகா" என்று நிறுத்திவிடாதீர்கள். ஈகா என்றால் விலா, அவ்வளவுதான். ஈகா பாபி என்றால் பன்றி, ஈகா சாப்பி என்றால் மாடு. பாலியில் இந்துக்கள் பெரும்பான்மை, அதனால் பன்றி இறைச்சி சாதாரணமாகக் கிடைக்கும். ஆனால் "வாருங் முஸ்லிம்" என்றோ "ஹலால்" என்றோ பலகை இருந்தால் அங்கே பன்றியைக் கேட்கக் கூடாது. நீங்கள் பன்றியோ மாடோ தொடாதவர் என்றாலும் இந்த இரண்டு சொற்களும் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும்.

விலைப்பட்டியலில் 120 என்று மட்டும் போட்டிருந்தால் அது 120 ஆயிரம் ரூபியா (இந்தோனேசியப் பணம்). பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால் வரியும் சேவைக் கட்டணமும் தனி. வரி வழக்கமாக 10 சதவீதம்.

நாள் பார்க்காமல் போவதும் உண்டு. பாலியின் புத்தாண்டான நியெப்பி பெரும்பாலும் மார்ச்சில் வரும். அன்று காலை 6 மணியிலிருந்து மறுநாள் காலை 6 மணி வரை தீவே அடங்கிவிடும். விமான நிலையமும் மூடியிருக்கும். அன்று நெருப்பு மூட்டக் கூடாது என்பது அந்த நாளின் விதிகளில் ஒன்று. தணலில் சுட்ட ரிப்ஸைத் தேடிப் பயனில்லை. 210 நாளுக்கு ஒருமுறை வரும் கலுங்கான் பண்டிகைக்கும் உள்ளூர்க்காரர்கள் தங்கள் ஊருக்குப் போய்விடுவார்கள், பல வாருங்குகள் பூட்டியிருக்கும். முந்தின நாள் வீட்டுக்கு வீடு பன்றி அடித்து, லாவார் என்னும் கலவைக்கறி செய்வார்கள். தங்கும் வீட்டுக்காரர் சாப்பிடக் கூப்பிட்டால் ரிப்ஸை மறந்துவிட்டுப் போங்கள்.

படகேறிப் பக்கத்துத் தீவான லொம்போக்குக்குப் போய், அங்கேயும் அதே ரிப்ஸைத் தேடாதீர்கள். அங்கே வாழும் சாசாக் மக்கள் பெரும்பாலும் முஸ்லிம்கள். பன்றி கிடைப்பது அரிது. அந்த ஊருக்கென்று ஆயாம் தாலிவாங் இருக்கிறது. சின்னக் கோழியை முழுசாகப் பிளந்து, மிளகாயும் இறால் விழுதும் பூசித் தணலில் சுடுவது. காரம் கண்ணில் நீர் வரவழைக்கும். வெள்ளைச் சோற்றோடு சாப்பிடுங்கள்.