பி.எல்.சி. கற்கும் எலக்ட்ரீஷியன் கோட்டைவிடும் இடங்கள்

வரைபடம் பார்க்காமல் மோட்டாரைத் தொடக்கும் ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டருக்குக் கன்ட்ரோல் வயரிங் செய்கிறவருக்கு, இயந்திரங்களை இயக்கும் சிறு கணினியான பி.எல்.சி.யில் (புரோகிராமபிள் லாஜிக் கன்ட்ரோலர்) பாதி ஏற்கெனவே தெரியும். அதை அவரே நம்பாததுதான் முதல் தவறு. 1960களின் இறுதியில் அமெரிக்கக் கார் ஆலைகளுக்காக இந்தக் கருவி உருவானபோது, ரிலே வரைபடம் படித்துப் பழகிய எலக்ட்ரீஷியன் திண்டாடக் கூடாது என்றுதான் அதில் புரோகிராம் எழுதும் லேடர் மொழியை அதே சாயலில் அமைத்தார்கள். நமக்காகச் செய்ததைப் பார்த்து நாமே பயந்து, ஐந்து கம்பெனி பி.எல்.சி.யை ஒரே மாதத்தில் சொல்லித்தருகிறோம் என்கிற வகுப்புக்குக் கடன் வாங்கிக் கட்டுகிறோம். ஒன்றை ஒழுங்காகக் கற்றால் மற்றவற்றில் மாறுவது பெரும்பாலும் முகவரி எழுதும் முறையும் மெனுவும்தான்.

சாஃப்ட்வேருக்கும் காசு வேண்டியதில்லை. டெல்டா கம்பெனி பி.எல்.சி.க்குப் புரோகிராம் எழுதும் டபிள்யூ.பி.எல்.சாஃப்ட் இலவசம், பி.எல்.சி. இல்லாமலே ஓட்டிப் பார்க்க உள்ளேயே சிமுலேட்டரும் உண்டு. கோடெசிஸ் என்ற இன்னொரு சாஃப்ட்வேரும் அப்படியே. யாரோ பென் டிரைவில் தரும் திருட்டுப் பிரதி வேண்டாம். அதே லேப்டாப்பை நாளை ஒரு ஆலையின் இயந்திரத்தில் செருகப் போகிறீர்கள்.

மலிவாகக் கிடைக்கிறது என்று பழைய சீமென்ஸ் எஸ்7-200 பி.எல்.சி. வாங்குகிறவர்கள் உண்டு. அதற்குத் தனி கேபிள், தனி சாஃப்ட்வேர், சீமென்ஸின் இன்றைய சாஃப்ட்வேரான டி.ஐ.ஏ. போர்ட்டல் அதைத் தொடாது. டெல்டா எஸ்.எஸ்.2 போன்ற சிறியது ஒன்று போதும். எட்டு இன்புட், ஆறு அவுட்புட். அதிலும் கவனம் வேண்டும். அது 24 வோல்ட் டி.சி.யில் ஓடுவது, 230 வோல்ட் கொடுத்தால் அன்றோடு கதை முடிந்தது. மாடல் எண்ணின் கடைசியில் ஆர் என்றால் ரிலே அவுட்புட், டி (T) என்றால் டிரான்சிஸ்டர். டிரான்சிஸ்டரில் நேராக 230 வோல்ட் கான்டாக்டர் (மோட்டாருக்கு மின்சாரம் விடும் பெரிய சுவிட்ச்) காயிலைக் கட்டக் கூடாது. நடுவே ஒரு 24 வோல்ட் ரிலே வேண்டும்.

சிமுலேட்டரோடு நின்றுவிடுவது இன்னொரு தவறு. ஸ்டாப் பட்டனையே பாருங்கள். சிமுலேட்டரில் தொடக்கத்தில் எல்லா இன்புட்டும் ஆஃப். ஸ்டாப் பட்டன் வரும் எக்ஸ்1 இன்புட்டை என்.சி. (சாதாரணமாக மூடியிருக்கும்) கான்டாக்டாக வரைந்தால் மோட்டார் அழகாக ஓடும். நிஜத்தில் ஸ்டாப் பட்டன் என்.சி. வகை. அதை அழுத்தாதபோதே எக்ஸ்1-க்கு 24 வோல்ட் வந்துகொண்டிருக்கும். லேடரில் வரைந்த என்.சி. திறந்துவிடும். ஸ்டார்ட்டை எத்தனை முறை அழுத்தினாலும் மோட்டார் அசையாது. என் முதல் வேலையில் இதே இடத்தில் மாட்டிக்கொண்டு, பட்டனைக் கழற்றி என்.ஓ. (சாதாரணமாகத் திறந்திருக்கும்) வகை போட்டேன். ஓடியது. பெருமைப்பட்டேன். பேனல் பார்க்க வந்த மூத்தவர் ஸ்டாப் வயரை உருவி எடுத்துவிட்டு, “இப்போது நிறுத்து” என்றார். நிறுத்த முடியவில்லை. பட்டன் என்.சி.யாகவே இருக்க வேண்டும், லேடரில் என்.ஓ. வரைய வேண்டும். அப்போது வயர் அறுந்தாலும் மோட்டார் நின்றுவிடும்.

வயரிங் புத்தி குழப்பும் இடம் ஒன்றும் இருக்கிறது. ஒரே காயிலுக்கு ஆட்டோவிலிருந்து ஒன்று, மேனுவலிலிருந்து ஒன்று என இரண்டு வயர் கொண்டுவருவது நமக்குப் பழக்கம். அதே நினைப்பில் ஒய்0 என்ற அவுட்புட்டை லேடரில் இரண்டு இடத்தில் எழுதுவார்கள். பி.எல்.சி. மேலிருந்து கீழாகப் படித்து முடித்த பிறகே அவுட்புட்டை மாற்றும். கடைசியாக எழுதியதுதான் நிற்கும். மேலே உள்ள வரி பச்சையாக எரியும், அவுட்புட் வராது. இரண்டுக்கும் தனித்தனி எம் பிட் (பி.எல்.சி.க்கு உள்ளேயே இருக்கும் நினைவு ரிலே) வைத்து, ஒய்0-வை ஒரே இடத்தில் எழுத வேண்டும்.

இரண்டு கான்டாக்டரும் ஒன்றாக இழுக்காமல் தடுக்கும் பார்வர்டு-ரிவர்ஸ் இன்டர்லாக்கைப் புரோகிராமில் மட்டும் வைத்துவிட்டு என்.சி. வயரை மிச்சப்படுத்துகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். பி.எல்.சி. சில மில்லி விநாடியில் மாற்றிவிடும். கான்டாக்டர் விடுபட அதைவிட நேரமாகும், ஒட்டிக்கொண்டால் விடவே விடாது. எமர்ஜென்சி ஸ்டாப்பும் அப்படித்தான். அது வயரில் இருக்க வேண்டும்.

கற்றுக்கொண்டு முதன்முதலாக ஓர் ஆலைக்குள் போகும்போது இன்னொன்று. கைப்பேசிப் பழக்கத்தில் டவுன்லோட் என்றால் அங்கிருந்து நமக்கு வருவது என்று நினைப்போம். பல பி.எல்.சி. சாஃப்ட்வேர்களில் டவுன்லோட் என்றால் லேப்டாப்பிலிருந்து இயந்திரத்துக்குப் போவது. பேக்கப் எடுக்கிறேன் என்று அதை அழுத்தி, எச்சரிக்கைக்கும் சரி சொல்லிவிட்டால், ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்தில் உங்கள் வெற்றுக் கோப்புதான் இருக்கும்.